டியூப் எடுத்த அன்று இளநீர் கொடுத்தோம், மறுபடி நிமோனியா: ஐசியூவிலிருந்து மீள்பவருக்கு முதல் வாய் தண்ணீர் எப்போது, எப்படி?

காவிரிக்கரை

அப்பாவுக்கு வயது 68. நிமோனியா முற்றி 9 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். பத்தாம் நாள் காலையில் வாயிலிருந்த டியூபை எடுத்துவிட்டார்கள். அம்மா அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் பார்வை நேரத்தில் உள்ளே போனோம். அப்பா உதட்டை நக்கிக்கொண்டு "தண்ணி" என்று வாயசைத்தார். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. கொடுக்கலாமா என்று பணியில் இருந்தவரிடம் கேட்டோம். "கொஞ்சமா குடுங்க" என்றார். தம்பி இளநீர் வாங்கி வந்திருந்தான். அப்பாவுக்கு எப்போதும் டம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்துத்தான் பழக்கம். அதேபோல் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்து இரண்டு மடக்கு ஊற்றினான். இருமல் இல்லை, புரையேறவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு சப்புக் கொட்டினார். எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஆக்சிஜன் இறங்கியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாக இருந்தது. சாப்பாடோ எச்சிலோ நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார்கள். நல்லவேளை, மறுபடி வென்டிலேட்டர் வரை போகவில்லை. இப்போது மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு இறக்கும் ரைல்ஸ் டியூப், வாய் வழியே எதுவும் கூடாது. தம்பி என்னோடு சரியாகப் பேசுவதே இல்லை. "என் கையாலதான்" என்று ஒரே வார்த்தைதான் சொல்கிறான்.

இருமலே வராமல் எப்படி உள்ளே போகும்? இது சரியாகுமா? எப்போது மறுபடி வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று யார் பார்த்துச் சொல்வார்கள்?

இரவுப்பணி

அக்கா, முதலில் தம்பியிடம் சொல்லுங்கள், இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. நான் 14 வருஷமாக ஐசியூ செவிலி. டியூப் எடுத்த நோயாளிக்கு முதல் வாய் கொடுப்பதற்கு முன் பரிசோதித்துப் பார்ப்பது எங்கள் வேலை. உங்களிடம் "கொஞ்சமா குடுங்க" என்று சொல்லி விட்டிருக்கக் கூடாது.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். டியூப் எடுத்துச் சில மணி நேரம் விட்டு, ஆளை நன்றாக நிமிர்த்தி உட்கார வைப்போம். தூக்கக் கலக்கம் இல்லாமல் நம்மைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா? இருமச் சொன்னால் மார்பிலிருந்து பலமாக இருமல் வருகிறதா? தன் எச்சிலைத் தானே விழுங்குகிறாரா, கடைவாயில் வழிகிறதா? "ஆ" சொல்லச் சொன்னால் குரல் எப்படி இருக்கிறது? தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுவோம். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்பூனில் தண்ணீர். ஒவ்வொரு ஸ்பூனுக்குப் பிறகும் மறுபடி "ஆ". விரல் ஆக்ஸிமீட்டரில் ஒரு கண் இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப மாட்டோம்.

உங்கள் அப்பாவுக்குக் குரலே வரவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு விஷயம் போதும், நான் தண்ணீரே தொட்டிருக்க மாட்டேன். தாகம் என்று தவித்தால் ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடலாம். தாகத்தில் பாதி அதிலேயே அடங்கும்.

தொண்டைக்குழி

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு வராத குழந்தைகளுக்குத்தான் நாங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில் என் நாளில் பாதிக்கு மேல் விழுங்க முடியாதவர்களோடுதான் போகிறது.

இருமல் இல்லாமல் எப்படி என்று கேட்டீர்கள். தொண்டையில் மூச்சுப்பாதையும் சாப்பாட்டுப் பாதையும் ஒரு சந்திப்பில் குறுக்காக வந்து பிரிகின்றன. விழுங்கும் அந்த ஒரு கணத்தில் குரல்வளை மேலே எழும்பி முன்னால் நகரும், குரல்நாண்கள் மூடும், மூச்சு நிற்கும், உணவுக்குழாயின் வாய் திறக்கும். மூளையிலிருந்து வரும் 5 ஜோடி நரம்புகள் சேர்ந்து இதை ஒரு வினாடிக்குள் முடிக்கின்றன. ஒரு துளி தவறி உள்ளே போனால், அங்குள்ள தோல் அதை உணர்ந்து இருமலைக் கிளப்பும். அதைத்தான் புரையேறுவது என்கிறோம்.

இப்போது 9 நாள் ஒரு பிளாஸ்டிக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே, இரவும் பகலும். நாண்கள் வீங்கும், புண்ணாகும், சில சமயம் ஒன்று அசையாமலே போகும். உணர்ச்சி மரத்துவிடும். உணர்ச்சி மரத்த இடத்தில் தண்ணீர் விழுந்தால் உடம்புக்கு அது தெரியவே தெரியாது. இருமல் வராது, கண் கலங்காது, முகம் சுளிக்காது. யாருக்காவது புரையேறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுகிறோமே, உண்மையில் அந்த இருமல்தான் நமக்குக் காவல். உங்கள் அப்பாவுக்கு அன்றைக்கு அந்தக் காவல் இல்லை. சத்தமில்லாத புரை என்று இதைச் சொல்லலாம்.

இதோடு மற்றதும் சேரும். 9 நாள் வேலை செய்யாத நாக்கும் தொண்டைத் தசையும் இளைத்திருக்கும். மயக்க மருந்தின் மந்தம் இருக்கும். இரைப்பையிலிருந்து எதுக்களித்து வரும். மூச்சு வேகமாக இருந்தால், விழுங்கும்போது நிற்க வேண்டிய மூச்சு நிற்க முடியாமல் பாதியில் உள்ளே இழுத்துவிடும்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டியூப் எடுத்த 933 ஐசியூ நோயாளிகளைப் படுக்கையருகே முறையாகப் பரிசோதித்தார்கள். 2017-ல் வெளியான ஆய்வு. 12.4% பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருந்தது. ஐசியூவை விட்டு வரும்போதும் கோளாறு நீடித்தவர்களில் பத்தில் ஆறு பேருக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்வரை அது தீரவில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் டியூபில் இருந்த எவரையும் "சந்தேகத்துக்குரியவர்" என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நாளைக்கே கேளுங்கள்: "ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து விழுங்குவதைப் பார்ப்பாரா? எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்க முடியுமா?" மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்கி, சாயம் கலந்த உணவைக் கொடுத்து நேரிலேயே பார்க்கும் பரிசோதனை அது. அமெரிக்காவில் சூசன் லாங்மோர் 1988-ல் விவரித்தது. படுக்கையிலேயே செய்யலாம். சத்தமில்லாத புரையைக் கண்டுபிடிக்க இதுவோ, பேரியம் கலந்து விழுங்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே வீடியோவோதான் வழி. காது மூக்கு தொண்டை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இந்த கேமரா இருக்கும், கேட்டால்தான் வெளியே வரும்.

தோட்டக்காரன்

எங்க அண்ணனுக்கு ரெண்டு வருசம் முன்னாடி கட்டுவிரியன் கடிச்சுது. ராத்திரி தரையில படுத்திருந்தப்ப. காலையில "தொண்டையில எச்சி இறங்கல" அப்படின்னுதான் முதல்ல சொன்னான். கடி தடமே தெரியல, ஏதோ தொண்டை வலின்னு நாங்க பனங்கற்கண்டுப் பால் காய்ச்சிக் குடுத்தோம். கண் இமை ரெண்டும் தொங்கினப்புறம்தான் ஓடினோம். 6 நாள் மெசின்ல இருந்தான். பொழைச்சிட்டான். ஆனா மெசின் எடுத்து ஒரு வாரத்துக்கு அவனால தண்ணி குடிக்க முடியல, மூக்கு வழியா திரும்பி வரும். அது பாம்பு விசமா, டியூப் பண்ணின வேலையா?

மயக்கவியல்

தம்பி, இரண்டும்தான். ஆனால் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது என்றால் உள்நாக்குப் பக்கத்துத் தசை இன்னும் தளர்ந்திருந்தது, அது விஷத்தின் மிச்சம். கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே சிதைப்பதால் மீள நாளாகும். எச்சில் இறங்கவில்லை என்று அண்ணன் சொன்னது விஷம் ஏறுவதன் முக்கியமான அறிகுறி. கிராமத்தில் இருப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தரையில் படுத்து எழுந்தவர் காலையில் விழுங்க முடியவில்லை, இமை கனக்கிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேராக ஆஸ்பத்திரி.

எங்கள் ஐசியூவில் இதே மாதிரி இன்னொரு கூட்டம் உண்டு, பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவர்கள். முதல் நாள் கண்டம் தாண்டி, ஆள் பேசுகிறார், பசிக்கிறது என்கிறார். ஒன்று முதல் நான்கு நாளுக்குள் திடீரென்று கழுத்தும் தொண்டையும் தளரும். இலங்கையில் சேனநாயக்க, கரல்லியத்த என்ற இரு மருத்துவர்கள் 1987-ல் இதைத் தனி நிலையாக விவரித்தார்கள். அன்றிலிருந்து இந்த நோயாளிகளிடம் தினமும் நாங்கள் சொல்லும் முதல் வார்த்தை, "தலகாணியிலிருந்து தலையைத் தூக்குங்க." தூக்க முடியாதவருக்குச் சோறும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. சொந்தக்காரர்கள் கோபப்படுவார்கள். "நேத்து இட்லி சாப்பிட்டாரே" என்பார்கள். நேற்று சாப்பிட்டது இன்றைக்கு சாட்சி ஆகாது.

இன்னொன்று, மூச்சு. நிமிடத்துக்கு 30 முறை மூச்சு வாங்குபவர் விழுங்குவதற்கு நேரமே இல்லாதவர். அவருக்குத் தொண்டை நன்றாகவே இருந்தாலும் நான் வாய் வழியே தொடங்க மாட்டேன்.

பனங்கூடல்

நான் யாழ்ப்பாணத்தில அதிதீவிர சிகிச்சைப் பிரிவில தாதியா வேலை செய்யிறன். கழுத்தில துளை போட்டுக் குழாய் வைச்ச ஆக்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால எழுதிறன்.

குழாயைச் சுத்தியிருக்கிற சின்னப் பலூனை, அதைக் கஃப் எண்டுவம், ஊதி வைச்சிருந்தா சாப்பாடு நுரையீரலுக்குப் போகாது எண்டு கனபேர் நம்பினம். அது பிழை. கஃப் குரல்நாணுக்குக் கீழதான் இருக்கு. அதுக்கு மேல வந்து நிண்ட எச்சில் ஏற்கெனவே தவறி இறங்கினதுதான், பிறகு பக்கத்தால மெல்ல மெல்லக் கசியும். ஊதின கஃப் குரல்வளை மேல எழும்பிறதையும் கொஞ்சம் பிடிச்சு இழுக்கும்.

கஃப்பைத் தளர்த்தி, காத்தைக் குழாயால உள்ள மட்டும் விடுற பேசுற வால்வு போட்டா, வெளிய போற காத்து குரல்நாண் வழியா மேல வரும். அப்ப தொண்டைக்கு உணர்ச்சியும் திரும்பும், இருமலும் வரும். அந்த வால்வைக் கண்டுபிடிச்ச டேவிட் மியூர் தானே தசைநலிவு நோயோட வென்டிலேட்டரில இருந்தவர், பேச வேணும் எண்டு தனக்காகச் செய்தது. கஃப்பை ஊதி வைச்சுக்கொண்டு மட்டும் அதைப் போடக்கூடாது, உள்ள போன காத்து வெளிய வர வழியில்லாமல் மூச்சடைச்சுப் போகும்.

முந்தி டியூப் பாலில நீலச்சாயம் கலந்து, சளி நீலமா வருதோ எண்டு பாப்பினம். அப்பிடிச் சாயம் குடுத்த ஆக்களில சாவு நடந்ததெண்டு 2003-ல அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. இப்ப ஒரு துளி சாயத்தை வாயில குடுத்துப் பாக்கிறது சில இடத்தில இருக்கு. ஆனா நீலம் வரேல்லை எண்டா ஒண்டும் போகேல்லை எண்டு அர்த்தமில்லை.

எல்லாத்துக்கும் மேல வாய்ச் சுத்தம். எச்சில் உள்ள போறதை முழுசா நிப்பாட்ட ஏலாது. அந்த எச்சிலில என்ன இருக்கு எண்டதுதான் காய்ச்சலைத் தீர்மானிக்கும். சின்னப் பிரஷால பல்லு, நாக்கு, அண்ணம் எல்லாம் தேய்ச்சு உறிஞ்சி எடுக்கிறம். வாயால சாப்பிடாத ஆளுக்குப் பல்லு விளக்கத் தேவையில்லை எண்டு நினைக்கிறவை இருக்கினம். அவைக்குத்தான் கூடத் தேவை.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் இரவுப்பணி எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாப்பிட்டான்.

ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பார்த்தார். நாளை கேமரா பரிசோதனை. அம்மா இதற்குள் "அரிசிக் கஞ்சியைக் கெட்டியாக் குடுத்தா இறங்குமே, ராகிக் கூழ் குடுக்கலாமே" என்று தொடங்கிவிட்டாள். வீட்டுக்குப் போனால் என்ன கொடுப்பது?

தொண்டைக்குழி

அம்மாவின் யோசனையில் விஷயம் இருக்கிறது. தண்ணீர்தான் விழுங்குவதற்கு எளிது என்று நமக்குத் தோன்றும். ஆனால் தொண்டை மந்தமாக இருப்பவருக்குத் தண்ணீர்தான் ஆபத்தானது, அவ்வளவு வேகம். கெட்டியானது மெதுவாக வரும், மூடுவதற்கு நேரம் கிடைக்கும். ஆஸ்திரியாவில் 2007-ல் வந்த ஒரு படுக்கையருகுப் பரிசோதனை முறையில்கூட முதலில் எச்சில், பிறகு கெட்டிக் கூழ், பிறகுதான் தண்ணீர், கடைசியில் திட உணவு.

ஆனால் எவ்வளவு கெட்டி என்பதைக் கண்ணளவில் விடக்கூடாது. உலகம் முழுக்க இப்போது 0 முதல் 7 வரை ஒரு அளவுகோல் உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம். 10 மி.லி. சிரிஞ்ச், ஊசி இல்லாமல். 0 முதல் 10 வரை உள்ள கோட்டின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், எல்லாக் கம்பெனியும் ஒரே நீளம் இல்லை. நுனியை விரலால் அடைத்து 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி எண்ணுங்கள். மீதி 1 மி.லி.க்குக் குறைவு என்றால் தண்ணீர், 0. மீதி 1 முதல் 4 என்றால் நிலை 1. 4 முதல் 8 என்றால் 2. 8-க்கு மேல் நின்று சொட்டினால் 3. ஒன்றுமே இறங்கவில்லை என்றால் 4, அதை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும். அப்பாவுக்கு எந்த நிலை என்று நாளைய பரிசோதனை சொல்லும்.

கஞ்சிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு பதம், ஆறினால் வேறு பதம். குடிக்கும் சூட்டில் சோதியுங்கள். இன்னொன்று, எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைக் கரைத்துவிடும். எச்சில் பட்ட ஸ்பூனை அதே கிண்ணத்தில் போட்டுப் போட்டு எடுத்தால் கால் மணி நேரத்தில் கஞ்சி நீர்த்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கள். கெட்டியாக்குவதற்குக் கடையில் விற்கும் சாந்தன் கோந்து வகைப் பொடிக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம் சாப்பாட்டில் உடம்புக்கு லேசானது என்று நினைத்துக் கொடுப்பவற்றில் சில, தொண்டைக்குக் கடினமானவை. ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, சேமியா பாயசம் எல்லாம் நீரும் திடமும் கலந்தவை. பருக்கையை மெல்லும்போதே ரசம் முன்னால் ஓடிவிடும். ஐஸ்க்ரீம், ஜெல்லி வாயில் உருகித் தண்ணீராகும். தயிர் சாதத்தைத் தண்ணீர் பிரியாமல் மசித்தால் நன்றாகவே இறங்கும். குழைந்த பொங்கலை மிளகு, முந்திரி இல்லாமல் மசித்துக் கொடுக்கலாம்.

அண்ணாந்து குடிப்பதை இனி மறந்துவிடுங்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை திறந்துகொள்ளும், தண்ணீர் தானாகவே விழும். வாய் வைத்து, தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, சின்னச் சின்ன மடக்காக. சங்கடையில் ஊற்றுவதும் வேண்டாம்.

மேலமாசி

கெட்டியாக்குவது பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் என் அம்மாவுக்கு மூன்று மாதம் எல்லாத் தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் கொடுக்கச் சொன்னார்கள். "கோந்துத் தண்ணி" என்று துப்புவார். நாளுக்கு அரை லிட்டர்கூட உள்ளே போகவில்லை. சிறுநீர்த் தொற்று வந்து மறுபடி அட்மிஷன். யாரும் மறுபரிசோதனை செய்து எடுத்துவிடவே இல்லை. பாதுகாப்பு என்று ஒருமுறை எழுதி வைத்தால் அது அப்படியே நின்றுவிடுகிறது.

தொண்டைக்குழி

உங்கள் கோபம் நியாயமானது. கெட்டித் தண்ணீர் புரையைக் குறைக்கும், ஆனால் நிமோனியாவைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று பலமாக இல்லை. தொண்டையில் தேங்கியும் நிற்கும். அதனால்தான் மறுபரிசோதனைத் தேதி இல்லாமல் நான் அதை எழுதுவதே இல்லை. ஐசியூ நோயாளிக்கு வாரத்துக்கு வாரம் மாறும். காவிரிக்கரை, "அடுத்து எப்போது பார்ப்பீர்கள்" என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள்.

இரவுப்பணி

ரைல்ஸ் டியூப் பற்றியும் ஒரு வார்த்தை, அதோடுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தித்தான் ஃபீட், முடித்து அரை மணி நேரம் அப்படியே. முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். டியூப் வயிற்றில்தான் இருக்கிறதா என்று காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்பது நம்பத்தக்கது அல்ல. புதிதாகப் போட்டால் எக்ஸ்ரே. வீட்டில் மூக்கருகே பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள், கோடு நகர்ந்திருந்தால் ஊற்றாதீர்கள். மாத்திரைகளில் எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளரிடம் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நாலு முதல் ஆறு வாரம் தாண்டியும் தேவைப்பட்டால் வயிற்றுத் தோல் வழியே நேராக இரைப்பைக்குள் வைக்கும் பெக் டியூப் பற்றிப் பேசுவார்கள். பயப்பட வேண்டாம், தேறினால் எடுத்துவிடலாம்.

காவிரிக்கரை

பரிசோதனை முடிந்தது. திரையை எங்களுக்கும் காட்டினார்கள். பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் ஒரு ஸ்பூன். அப்பா விழுங்கினார். இரண்டு நாண்களுக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு கீழே இறங்கியது. அப்பா எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், ஒரு செருமல்கூட இல்லை. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்கும் இப்படித்தான் போயிருக்கும், இல்ல?" என்றான். டாக்டர் திரும்பி, "வெளியிலிருந்து பார்த்தா எனக்கும் தெரிஞ்சிருக்காதுப்பா" என்றார்.

இடது குரல்நாண் மந்தம். கெட்டியான மோரில், நிலை 2-ல், தலையை இடது பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்கியபோது உள்ளே எதுவும் போகவில்லை. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு பத்து ஸ்பூன், தெரபிஸ்ட் கூட இருக்கும்போது மட்டும். மீதி ரைல்ஸ் டியூப். பத்து நாள் கழித்து மறுபடி கேமரா, தேதி எழுதி வாங்கிவிட்டேன்.

நேற்று இரவு தம்பி சமையலறையில் நின்று சிரிஞ்சில் மோரை ஊற்றி வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். முதல் தடவை 3 மி.லி. மீதி, இரண்டாம் தடவை 9. பொடியைக் கால் ஸ்பூன் குறைத்து மறுபடி கலக்கினான். ஐந்தாவது தடவை 6-ல் நின்றது. அந்த அளவை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறான்.

மேலமாசி, உங்கள் அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?

மேலமாசி

நாமே கேட்டு மறுபரிசோதனை செய்தோம். இப்போது சாதாரணத் தண்ணீர்தான், சின்ன டம்ளரில், வாய் வைத்து. காபி மட்டும் இன்னும் டவராவில் ஆற்றி, ஸ்பூனில்.